இரவு இரண்டு மணிக்கு நீங்களும் எழுந்திருக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கணவருக்கு 52 வயது, சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். ஒன்றரை வருடமாகத் தூக்கம் சரியில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டாமல், தூக்கத்துக்கான நடத்தை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே முதல் நாளே "ராத்திரி 12 மணிக்கு முன்னாடி படுக்காதீங்க, தூக்கம் வரலைன்னா கட்டில்ல கிடக்காதீங்க, எழுந்து வெளிய வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை மனைவியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சந்தேகம்: தூங்காதவர் அவர், நான் எதற்கு? கூடவே விழித்திருக்க வேண்டுமா? இருப்பது ஒரே படுக்கையறை, ஹாலில் மாமியார் படுக்கிறார், இவர் எங்கே போய் உட்காருவார்? பேசாமல் தனித்தனியாகப் படுத்துக்கொள்ளலாமா?

நான் சேலத்தில் இந்த சிகிச்சையைக் கொடுக்கிற உளவியலாளர். பல வருடமாகப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் அவசியம் போக வேண்டும், ஆனால் அவரைத் தூங்கவைக்க உதவப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள். அவருக்காக நீங்கள் இத்தனை நாள் பாசத்தோடு செய்துவருகிற சில காரியங்களை நிறுத்தச் சொல்லித்தான் அங்கே கேட்பார்கள். முதல் முறை கேட்கும்போது கோபம் வரும், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் தூக்கமின்மைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றும் நாங்கள் அதை வைத்துத்தான் ஆரம்பிக்கிறோம். சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் சுலபமாகக் கலையும். அப்புறம் ஏதோ ஒன்று வந்து ஆரம்பித்து வைக்கும், உங்கள் வீட்டில் அது நூல் விலையோ, மகள் கல்யாணக் கடனோ, ஒரு ஆபரேஷனோ, எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, ஆரம்பித்து வைத்த பிரச்சினை தீர்ந்த பிறகும் தூக்கமின்மையை விடாமல் பிடித்து வைத்திருக்கிற பழக்கங்கள்: விட்ட தூக்கத்தைப் பிடிக்கலாம் என்று எட்டரைக்கே படுப்பது, விடிந்த பிறகும் கட்டிலிலேயே கிடப்பது, மதியம் ஒரு மணி நேரம் கண்ணை மூடுவது, இப்படி. சிகிச்சை கை வைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான். ஆனால் நம் வீடுகளில் இந்தப் பழக்கங்களை ஒரு ஆள் தனியாகச் செய்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எட்டரைக்குப் பாய் விரித்துக் கொடுப்பது யார்? "அப்பா இப்பத்தான் கண்ணசந்தாரு, சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை அடக்குவது யார்? காலையில் அவருக்குப் பதிலாகத் தறிக்கூடத்தைத் திறந்து, ஆள் வந்துவிட்டார்களா, பாவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

2013-இல் ரோகோயான்ஸ்கி, கார்னி, மான்சன் என்ற மூன்று கனடா ஆய்வாளர்கள், தூக்கமின்மை சிகிச்சையில் துணையை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணச்சுழற்சி நோய் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி) உள்ள வீடுகளில் குடும்பத்தார் நோயாளிக்கு ஏற்றபடி வளைந்து வளைந்து நோயையே வளர்த்துவிடுவது முன்பே தெரிந்த விஷயம். தூக்கமின்மையிலும் அதேதான் நடக்கிறது என்பது அவர்கள் சுட்டிக்காட்டியதில் ஒன்று. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்குத் தமிழில் தேடவே வேண்டாம், அனுசரிப்பு. கல்யாணமான அன்றைக்கே "அனுசரிச்சுப் போம்மா" என்று நம் காதில் போட்டு அனுப்பிவிடுகிறார்களே, அதேதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

அடையாளத்தை மாற்றி ஒரு வீட்டைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். அவர் மனைவியிடம், "அவர் தூக்கத்துக்காக நீங்க என்னெல்லாம் செய்யறீங்க, ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க" என்றேன். முழுப் பக்கம் வந்தது. எட்டு மணிக்கு டிவி நிறுத்தம். எட்டுக்கு மேல் மிக்சி போடுவதில்லை, அதனால் மறுநாள் சட்னிக்குச் சாயங்காலமே அரைத்து வைப்பது. ஜாதிக்காய் உரசிப் போட்ட பால். உள்ளங்காலில் விளக்கெண்ணெய். சொந்தக்காரர் வீட்டு அதிகாலை முகூர்த்தத்துக்கெல்லாம் மனைவி மட்டும் போய்விட்டு வருவது. இதெல்லாம் முடிந்து படுத்த பிறகு, அவர் மூச்சு சீராகிறதா என்று இருட்டில் காது கொடுத்துக்கொண்டே கிடப்பது. ஒரு மணி சுமாருக்கு அவர் புரண்டால் உடனே "என்னங்க, தூங்கலையா?" "இல்ல." "என்ன யோசனை?" அவ்வளவுதான், சீட்டுக் கட்ட வேண்டிய பணத்தில் ஆரம்பித்து மைத்துனன் வாங்கிய கைமாற்று வரைக்கும் மூன்று மணி ஆகிவிடும். அந்தப் பட்டியலை அவர் முன்னால் படித்தபோது அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தன் தூங்கறதுக்கு வீடே காத்துக்கிட்டிருக்குன்னு நெனச்சாலே எனக்கு முழிப்பு தட்டிடுதுங்க."

தூக்கம் முயற்சி பண்ணினால் வருகிற சரக்கு கிடையாது. வீட்டில் நாலு பேர் சேர்ந்து முயற்சி பண்ணினால் இன்னும் தள்ளிப் போகும்.

சரி, 12 மணிக்குப் படுக்கச் சொல்வது என்ன கணக்கு? உங்களுக்கு அதுதான் கொடுமையாகத் தெரிகிறது, புரிகிறது. ஏற்கெனவே தூக்கமில்லாத மனுஷனை இன்னும் விழித்திருக்கச் சொல்கிறார்களே என்று. அவர் இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், படுக்கையில் 9 மணி நேரம். தூங்கியது துண்டு துண்டாக ஐந்தரை மணி. அதாவது படுத்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம், மீதி மூன்றரை மணி நேரம் கட்டிலில் கிடந்து கவலைப்படப் பழகியிருக்கிறார். சிகிச்சையில் கட்டில் நேரத்தையே ஐந்தரை மணியாகச் சுருக்கிவிடுவார்கள்: 12-க்குப் படுக்கை, 5.30-க்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. பசி எடுக்க வைப்பது மாதிரி. ஒரு வாரம் பார்த்து, படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் ஒரு கால் மணி நேரம் கூட்டுவார்கள், அப்படியே வாரா வாரம். எவ்வளவு மோசமான தூக்கமாக இருந்தாலும் பொதுவாக 5 மணி நேரத்துக்குக் கீழே சுருக்குவதில்லை. முதல் இரண்டு வாரம் பகலில் கண் எரியும், சிடுசிடுப்பு வரும், வீட்டில் எதற்கெடுத்தாலும் பாய்வார். நிறைய பேர் விட்டுவிட்டுப் போவது அங்கேதான், விடச் சொல்வது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். "பாவம், முகமெல்லாம் வாடிப்போச்சு, இன்னிக்கு ஒரு நாள் சீக்கிரம் படுங்க" என்று மனசு கேட்காமல் சொல்லிவிடுவோம். அந்த ஒரு நாள் அதுவரை சேர்த்த பசியைக் கெடுத்துவிடும்.

இதில் உங்கள் வேலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். அதுவும் முழுக்க இல்லை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஒன்பதரைக்கு ஹால் சோபாவில், சீரியலைப் பார்த்துக்கொண்டே கழுத்து தொங்கும் நேரத்தில். பத்து நிமிஷம் அங்கே அசந்தால் போதும், பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய தூக்கத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். அதனால் அவரிடம் முன்கூட்டியே, பகலில், நல்ல மூடில் இருக்கும்போது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "நீங்க சாஞ்சா நான் என்ன பண்ணட்டும்? கூப்பிடட்டுமா, தோளைத் தட்டட்டுமா?" அவர் என்ன சொல்கிறாரோ அது மட்டும். சிகிச்சையில் துணையை உதவிக்குச் சேர்க்கலாம், போலீஸ் ஆக்கக்கூடாது. அவர் கேட்காத எதையும் நீங்களாக அமல்படுத்தினால் மூன்றாம் நாள் சண்டை வரும். மொட்டை மாடியில் இரண்டு பேரும் நடக்கலாம், மறுநாளைக்கு வேண்டிய நூல் கணக்கைப் பார்க்கலாம், வெங்காயம்கூட உரிக்கச் சொல்லலாம், ஆனால் உங்களுக்குத் தூக்கம் வந்ததும் நீங்கள் போய்ப் படுத்துவிடுங்கள். பத்தரையோ பதினொன்றோ. காலையில் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பவர் நீங்கள், அவரோடு சேர்ந்து நீங்களும் சுருக்கிக்கொண்டால் ஒரு வீட்டில் இரண்டு நோயாளி ஆகிவிடும். இதைச் சும்மா சொல்லவில்லை, துணைக்கு விழித்திருந்து விழித்திருந்தே தூக்கத்தைத் தொலைத்துவிட்டு என்னிடம் தனியாக வந்த பெண்கள் இருக்கிறார்கள்.

இப்போது இரண்டு மணி விஷயம். தூக்கம் வராதபோது எழுந்துவிட வேண்டும் என்ற விதி ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் சொன்னது. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும், மற்ற எதற்கும் இல்லை. கால் மணி, இருபது நிமிஷம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய், கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். மணி பார்க்கக்கூடாது, அதனால் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுபோங்கள், செல்போனும் அங்கேயே. நோக்கம் என்னவென்றால், கட்டிலைப் பார்த்ததும் மூளை "ஆகா, முழிச்சுக் கிடக்க வேண்டிய இடம்" என்று பழகியிருப்பதை மறக்கடிப்பது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. கொலுசுப் பட்டறைக்காரர் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தார். இரண்டு ராத்திரி, கம்பளிக்குள் படுத்தவர் விடியும் வரை அசையவில்லை. இறங்கி வந்த அன்றைக்கே மறுபடி ஒரு மணி, இரண்டு மணி. உடனே வீட்டில், மனை சரியில்லை, கட்டில் திசை சரியில்லை என்று முடிவாகி, கட்டிலைத் திருப்பிப் போட்டு, பீரோவை நகர்த்தி, சுவரில் புது ஓட்டை வேறு. எனக்கு அந்தக் கதை கேட்டதும் சந்தோஷமாகிவிட்டது. வெளியூரில் தூக்கம் வந்து சொந்தக் கட்டிலில் வரவில்லை என்றால், மூளைக்குத் தூங்கத் தெரிந்திருக்கிறது, அந்தக் கட்டிலோடு விழிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். குளிர் கொஞ்சம் உதவியிருக்கும், சேலத்து சித்திரை வெயிலுக்கு அது பெரிய விஷயம்தான், ஆனால் அவருக்கு டிசம்பரிலும் வீட்டில் தூக்கம் வரவில்லையே. உங்கள் வீட்டிலும் யோசித்துப் பாருங்கள். தறிக்காரர்கள் சொல்வார்கள், தறி ஓடுகிற சத்தத்தில் நன்றாகத் தூங்குவேன், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும் என்று. எதோடு தூக்கம் பழகியிருக்கிறதோ அதோடுதான் வரும்.

அவர் எழுந்து போகும்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கண்ணைத் திறக்காதீர்கள், திறந்தாலும் கேட்காதீர்கள். "என்னங்க" வேண்டாம். பால் காய்ச்ச வேண்டாம், பின்னாலேயே போய் உட்கார வேண்டாம். இது கல்நெஞ்சம் மாதிரி இருக்கும், அதனால்தான் அவர் முன்னிலையில் தெரபிஸ்ட் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று உங்களை வரச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் அவர் "இவளுக்கு என் மேல அக்கறையே போயிடுச்சு" என்று நினைப்பார், நீங்களும் குற்ற உணர்ச்சியில் விழித்தே கிடப்பீர்கள். கடன், சீட்டு, மகள் விஷயம் எதுவாக இருந்தாலும் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, தறிக்கூடத் திண்ணையிலோ எங்கேயோ உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துவிடுங்கள். கட்டிலில் அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் "அதை நாளைக்கு ஏழு மணிக்கு" என்று சொல்லிவிட உரிமை உண்டு என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பதையும் நிறுத்துங்கள். நானே என் வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் "பரீட்சை ரிசல்ட் கேக்கற மாதிரி கேக்காதே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். இதைவிட மோசமானது இன்னொன்று உண்டு, "நீங்க நல்லாத்தானே குறட்டை விட்டீங்க, தூங்கலைன்னு சொல்றீங்களே." நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தூக்கமின்மை உள்ளவர்கள் பலர் தூங்கிய நேரத்தைக் குறைத்தே உணர்கிறார்கள், லேசாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விழித்திருப்பதாகத் தோன்றும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவரை மடக்குவதற்கு அதைப் பயன்படுத்தாமல், தெரபிஸ்டிடம் தகவலாகச் சொல்லுங்கள், அங்கே அதற்கு நல்ல விலை உண்டு.

உண்மையில், கூட வருகிறவர் மட்டுமே சொல்லக்கூடிய தகவல்கள் சில இருக்கின்றன, இதற்காகவாவது நீங்கள் போக வேண்டும். குறட்டை நடுவில் மூச்சு நின்று, அப்புறம் திணறி இழுக்கிறாரா? கால் சில நொடிக்கு ஒரு தரம் உதறுகிறதா? தூக்கத்தில் கத்தி, கையை ஓங்கி, கனவில் நடப்பதை உடம்பால் செய்கிறாரா? இவை இருந்தால் அது வேறு நோய், முதலில் அதற்குப் பரிசோதனை வேண்டும். வலிப்பு உள்ளவர்கள், மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வருகிறவர்கள், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் போல வண்டியே பிழைப்பாக இருப்பவர்கள், இவர்களெல்லாம் படுக்கை நேரத்தைச் சுருக்குவதைத் தாங்களாக வீட்டில் ஆரம்பிக்கவே கூடாது. உங்கள் கணவரும் முதல் இரண்டு மூன்று வாரம் ஓடுகிற தறியில் கை வைக்கும்போதும் டூ வீலரிலும் ஜாக்கிரதை, அந்த நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகும் யோசனையும் வேண்டாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுகிறார் என்றால் "இனி தெரபி இருக்கே" என்று நீங்கள் எடுத்து ஒளித்து வைத்துவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் மோசமாகும், வேறு ஆபத்தும் உண்டு. குறைப்பது எழுதிக் கொடுத்த டாக்டர் வேலை.

தனித்தனிப் படுக்கை பற்றி. இங்கிலாந்தில் 1994-இல் வந்த ஒரு ஆய்வில், ஜோடியாகப் படுக்கும்போது உடம்பு அதிகம் அசைகிறது, ஒருவர் அசைந்தால் மற்றவரும் அசைகிறார் என்று மணிக்கட்டுக் கருவியில் தெரிந்தது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் துணையோடு படுத்தால்தான் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். அதனால் கருவி என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சுருக்கும் வாரங்களில் மட்டும், அவர் பன்னிரண்டுக்கு வந்து படுப்பதும் இரண்டுக்கு எழுவதும் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தால், அதே அறையில் கீழே பாய் போட்டு ஒருவர் படுக்கலாம். ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், ஆறு வாரம் என்று. கெடு இல்லாமல் பிரிந்த படுக்கை அப்படியே நின்றுவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அங்கே பிரச்சினை தூக்கமாக இருக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் தூங்க முடியும், நீங்கள் அம்மா வீட்டுக்குப் போனால் இரண்டு நாளும் சிவராத்திரி என்கிற ரகமாக அவர் இருந்தால், அதையும் சொல்லுங்கள், அதற்கு வேறு மாதிரி போவார்கள்.

எத்தனை தடவை போக வேண்டும் என்றால், சாதாரணமாக வாரம் ஒன்றாக ஆறிலிருந்து எட்டு. எல்லாவற்றுக்கும் நீங்கள் வேண்டியதில்லை, ஆரம்பத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று போதும். இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த பரிசோதனை வைத்தியமோ என்று பயப்பட வேண்டாம், 2016-இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டியில் போட்டுவிட்டது. பணம் நெருக்கடி என்றால் நம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள். ராத்திரியில் மனசு ரொம்பத் தளர்ந்துபோனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

போகும்போது இரண்டு வார தூக்கக் குறிப்பை எடுத்துப் போங்கள். அதை அவர் கையால், காலையில் எழுந்த பிறகு, குத்துமதிப்பாக எழுத வேண்டும், அவருக்குப் பதில் நீங்கள் எழுதக்கூடாது. உங்களுக்கென்று தனியாக ஒரு பேப்பர், நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், அவருக்காக என்னென்ன செய்தீர்கள். பாலையும் எண்ணெயையும் மறக்காமல் எழுதுங்கள்.

இரவில் உட்காரும் இடம் ஹாலாக வேண்டாம், மாமியார் தூக்கமும் கெடும். வாசல் நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சின்ன விளக்கு, ஒரு பழைய வார இதழ், கொசுவர்த்தி, இதை மாலையிலேயே போட்டு வைத்துவிடுங்கள், இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டு அலையக்கூடாது. தறிக்கூடத்துக்குள் போக விடாதீர்கள், போனால் பாவு பார்க்க ஆரம்பித்துவிடுவார், விடிந்துவிடும். மாமியாரிடம் இதைச் சொல்லாமல் செய்தால் முதல் ராத்திரியே "ஏன்டா கண்ணு, ஒடம்பு சரியில்லையா" என்று அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், அதனால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள், உங்கள் கணவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால், மகனை ராத்திரி ரெண்டு மணிக்கு வாசலில் உட்கார வைத்த மருமகள் என்று பொன்னம்மாப்பேட்டை வரைக்கும் போய்விடும்.